துறக்கப்பட்ட உரிமை: செர்ன் ஆய்வகமும் உலகளாவிய வலையும்

ஊதியத்திற்கு எழுதப்படும் நிரல் பொதுவாக எழுதியவருக்குரியதன்று, நிறுவனத்தின் உடைமையே. உலகளாவிய வலையும் இந்நிலையிலேயே பிறந்தது. ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வகத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ 1989 மார்ச்சில் அதற்கான முன்மொழிவை அளித்தார். ஆயினும், தாம் எழுதிய நிரலைப் பொதுவாக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை.

1993இன் தொடக்கத்தில் மின்னசோட்டாப் பல்கலைக்கழகம் தன் கோஃபர் வழங்கிக்குச் சிலரிடம் கட்டணம் கோரப்போவதாக அறிவித்தது. அன்று வலையைக் காட்டிலும் பரவலாயிருந்தது கோஃபரே. கட்டணம் குறித்த ஐயமே பலரை அதனின்று விலக்கியது. வலைக்கும் அந்நிலை நேருமோ என்ற வினா எழுந்தது. பெர்னர்ஸ்-லீயும் அவருடன் உழைத்த ராபர்ட் கையோவும் நிருவாகத்தை வலியுறுத்தினர். 1993 ஏப்ரல் 30 நாளிட்ட ஆவணத்தில் இயக்குநர்கள் இருவர் ஒப்பமிட்டனர். வரிமுறை உலாவி, அடிப்படை வழங்கி, பொது நிரலகம் ஆகிய மூன்றன் மீதும் தனக்கிருந்த அறிவுசார் உரிமைகளைச் செர்ன் அதன்வழித் துறந்தது.

இதனைத் திறந்த உரிமம் எனச் சுட்டுவது பொருந்தாது. உரிமம் உரிமையாளர் வழங்குவது. உரிமையைத் துறந்தவர் நிபந்தனை விதிக்க இயலாது. வேறொருவர் அந்நிரலைச் சிறிது மாற்றித் தமதாக்கிக்கொள்ளவும் அன்று தடையில்லை. அடுத்த வெளியீட்டில் செர்ன் பதிப்புரிமையைத் தன்னிடமே நிறுத்தித் திறந்த உரிமம் வழங்கியதை இப்பின்னணியில் வைத்தே நோக்க வேண்டும்.

1997இல் சிங்கப்பூரில் கூடிய தமிழ்நெட் மாநாட்டினர் குறியேற்றம், விசைப்பலகை பற்றி நெடிது விவாதித்தனர். அவர்கள் நம்பியிருந்த வலைக்கு எவரிடமும் உரிமத்தொகை செலுத்த வேண்டியிருக்கவில்லை.