கணப்பொழுதில் மறையும் மருந்து

1929ஆம் ஆண்டிலே கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அலன் ட்றூரி, அல்பேட் சென்ட்-ஜியோர்ஜி என்னும் அறிஞர் இருவர், இதயத் தசையிலிருந்து எடுத்த சாற்றை விலங்குகளின் இரத்தத்திற் செலுத்தி ஆராய்ந்தனர். இதயத் துடிப்பு மந்தமடைந்தது. அடெனீன் சேர்ந்த பொருள்களே இதற்குக் காரணமென அவர்கள் கண்டனர். அடெனீனும் ரைபோசு என்னும் வெல்லமும் கூடியமைந்த அடெனோசீன் அவற்றுள் ஒன்றாகும்.

எனினும் அது மருந்தாவதற்கு ஓர் இடர் இருந்தது. செங்குருதிக் கலங்கள் முதலியன அதனை விரைந்து உட்கொள்வதனால், பத்து விநாடிக்குள் அதன் பாதி இரத்தத்திலிருந்து மறைந்துவிடும். நிலைத்து நில்லாத பொருளால் யாது பயன் என ஐயுறுதல் இயல்பே.

ஆனால், இதயத்தின் மின்கணத்தாக்கம் ஒரு வட்டத்திற் சிக்கிச் சுழல்வதனால் துடிப்பு நிமிடத்திற்கு 150க்கு மேலாக விரையும் நோயொன்று உளது. அதற்கு வேண்டுவது நெடுநேரத் தடையன்று. மேலறைக்கும் கீழறைக்கும் இடைப்பட்ட வழியை ஒரு கணம் அடைத்து, அச்சுழற்சியை அறுத்தலே. 1989இல் ஐக்கிய அமெரிக்காவில் அடெனோசீன் இந்நோய்க்குரிய மருந்தாக அங்கீகாரம் பெற்றது. அதனை ஏற்றியதும் இதயம் சில விநாடி தயங்கும். பின்னர் பெரும்பாலும் ஒழுங்கான துடிப்புக்கு மீளும். நோயாளி உணரும் நெஞ்சிறுக்கமும் மூச்சுத்திணறலும் அவ்வாறே விரைவில் நீங்கும்.

அறுபது ஆண்டுகளாகக் குறையெனத் தோன்றியதே ஈற்றில் நோயாளிக்குக் காப்பாக அமைந்தது.