கணக்கெடுப்புத் தாளில் நம் இடம்

நம் முன்னோரைப் பற்றி ஆங்கிலேயர் எழுதி வைத்த ஏடுகளில் நமக்குப் பல பெயர்கள். சூலியா என்றார்கள், கிளிங் என்றார்கள், ஜாவி பெக்கான் என்றார்கள், பிறகு தமிழர் என்றார்கள். நாகூரிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் வந்த சபுராளிகளோ, யார் என்று கேட்டால் ஊர்ப்பெயரைத்தான் முதலில் சொன்னார்கள்.

ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் இறங்கியது 1819. சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மஸ்ஜித் ஜாமிஆ சூலியா 1826இல் தோன்றியது. தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் குச்சுப் பள்ளி என்று நம் பெரியவர்கள் அழைத்த அல் அப்ரார் பள்ளிவாசல் 1827இல். அதே தெருவில் நாகூர் தர்கா 1828க்கும் 1830க்கும் இடையில் எழுந்தது. இந்த ஊரின் முதல் செங்கற்களோடு நம் செங்கல்லும் இருக்கிறது. பிள்ளைகளுக்கு வேறெதைச் சொல்லாவிட்டாலும் இந்த மூன்று ஆண்டுகளைச் சொல்லி வைக்கலாம்.

1871 முதல் நீரிணைக் குடியேற்றங்களில் எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்குகளை சார்ல்ஸ் ஹிர்ஷ்மன் என்ற சமூகவியலாளர் 1980களில் ஆராய்ந்தார். தொடக்கத்தில் மக்களின் பெயர்கள் ஒரு நீண்ட பட்டியலாகவே இருந்தன. 1891இல் அவை சில பெரிய தலைப்புகளுக்குள் அடைக்கப்பட்டன. "இனம்" என்ற சொல் அந்தத் தலைப்புகளுக்கு மேல் வந்து உட்கார்ந்தது அதற்கும் பின்னர்தான். இன்று நாம் இயற்கை என்று நினைக்கும் இனப்பிரிவு, காலனி ஆட்சியின் கையால் உருவானது என்பது அவர் முடிவு.

நம் குடும்பங்களுக்கு இதன் பொருள் என்ன? ஜாவி பெக்கான் என்பவர்கள் பெரும்பாலும் தமிழ் முஸ்லிம் தகப்பனுக்கும் மலாய்த் தாய்க்கும் பிறந்தவர்கள். 1876இல் சிங்கப்பூரில் 'ஜாவி பெரானாக்கான்' என்ற மலாய்ப் பத்திரிகையை நடத்தியவர்கள் அவர்கள். 1887இல் மகுதூம் சாயபு இதே ஊரிலிருந்து 'சிங்கை நேசன்' என்ற தமிழ்ப் பத்திரிகையை வெளியிட்டார். ஒரே வேரிலிருந்து இரண்டு மொழிகளில் இரண்டு ஏடுகள்! ஆனால் 1891 கணக்கில் ஜாவி பெக்கான் மலாய்க்காரர் தலைப்பின் கீழ் போனது. தமிழர் "தமிழரும் பிற இந்தியரும்" என்ற தலைப்பின் கீழ் போனார்கள். அண்ணன் பிள்ளை ஒரு பக்கத்தில், தம்பி பிள்ளை மறுபக்கத்தில்.

வணிகர்களை மட்டும் பேசினால் பாதிக் கதைதான். கடையநல்லூர், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் தஞ்சோங் பகாரில் உடல் உழைப்பால் வாழ்ந்தார்கள். பெண்கள் மசாலா அரைத்து விற்றார்கள். அந்தக் கூலிப் பணத்தின் பக்கபலத்தோடுதான் 1946இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி பிறந்தது. உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்த அது 1982இல் மூடப்பட்டது. இன்று அந்தப் பெயர் தமிழ் மொழி நிலையத்தில் வாழ்கிறது.

இடையில் சட்டங்கள் மாறின. 1965இல் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு கட்டாயமானது. 1968இல் பிரிட்டன் தன் படைத்தளங்களை மூடப்போவதாக அறிவித்தது. பல ஆண்டுகள் இங்கே உழைத்தவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.

இப்போதும் நாம் ஒரே கட்டத்தில் இல்லை. சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என்ற நான்கில் அடையாள அட்டை நம்மில் பெரும்பாலோரை இந்தியர் என்கிறது. 1989 முதல் வீவக வீடு வாங்கும்போதும் விற்கும்போதும் அந்தக் கட்டத்தின் விகிதமே நம்மைக் கட்டுப்படுத்துகிறது. சம்பளத்திலோ முஸ்லிம் என்ற முறையில் பள்ளிவாசல் கட்டட, மெண்டாக்கி நிதிக்குப் பிடிக்கிறார்கள். இந்தியருக்கென 1991இல் வந்தது சிண்டா. பள்ளியில் சில பிள்ளைகள் தமிழ் படிக்கிறார்கள், சிலர் மலாய் படிக்கிறார்கள். டோர்ஸ்டன் செக்கர் என்ற ஆய்வாளர் சிங்கப்பூர் இந்திய முஸ்லிம்களின் இந்த இக்கட்டைப் பற்றியே ஒரு முழு நூல் எழுதியிருக்கிறார். இந்தியர் என்றால் இந்து என்றும், முஸ்லிம் என்றால் மலாய்க்காரர் என்றும் பிறர் எண்ணிக்கொள்ளும் இடத்தில், இரண்டுமாக இருப்பவர்கள் ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது.

விளக்கம் சொல்வதாவது பழகிவிட்டது. கவலை வேறு. 2010 கணக்கெடுப்பில் இந்தியக் குடும்பங்களின் இடைநிலை மாத வருமானம் 5,370 வெள்ளி. சீனக் குடும்பங்களுக்கு 5,100, மலாய்க் குடும்பங்களுக்கு 3,844. பத்தாண்டுகளுக்கு முன் இந்தியர் சீனருக்குக் கீழே இருந்தார்கள். இடையில் இந்தியாவிலிருந்து படித்த நிபுணர்கள் பலர் வந்து நிரந்தரவாசிகளானார்கள். நல்லதுதான். ஆனால் வியாபாரம் செய்பவர்களுக்கு ஒன்று தெரியும்: இரண்டு கடைகளின் வரவை ஒரே பேரேட்டில் எழுதினால், ஒன்றின் லாபம் மற்றதன் நட்டத்தை மறைத்துவிடும். மூன்று தலைமுறையாக இங்கே இருந்தும் ஈரறை வீட்டில் வாழும் ஒரு கடையநல்லூர்க் குடும்பத்தை 5,370இல் எங்கே தேடுவது? கட்டம் உயர்ந்துவிட்டது என்பதற்காக அந்த வீட்டுப் பிள்ளைக்குத் துணைப்பாடம் தேவைப்படாமல் போய்விடுமா?

நம் சங்கத்தின் முதல் உறுப்பினர் பேரேட்டில் பெயர், தகப்பனார் பெயர், ஊர், வேலை, தங்குமிடம் என்று ஐந்து பத்திகள் உண்டு. இனம் என்று ஒரு பத்தி இல்லை. ஓரத்தில் சிலர் கப்பல் பெயரையும் எழுதியிருக்கிறார்கள்: ரஜூலா என்று பல இடங்களில். யார் வேலையிழந்தார், யார் வீட்டில் ஜனாஸா, யாருக்கு ஊர் திரும்பப் பயணச்சீட்டு வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பேரேட்டை வைத்துத்தான் தெரிந்தது. பெண்களின் பெயர் மட்டும் அதில் எங்கும் இல்லை. மசாலா அரைத்தவர்கள் உட்பட.

அந்தப் பேரேட்டைக் குடும்பவாரியாகத் தொடர முடிவு செய்திருக்கிறோம். இந்த ஆண்டு வீடு வீடாக வருவோம். பாட்டனார் ஊர், வந்த ஆண்டு, முதல் வேலை ஆகியவற்றோடு பாட்டியார் பெயரையும், அவர் என்ன வேலை செய்தார் என்பதையும் கேட்போம். வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.