கம்பெனி நன்கொடையும் கட்சிக் கருவூலமும்

இந்தியாவில் அரசியல் கட்சிகளுக்கும் பெருமுதலாளிகளுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் விடுதலைக்குப் பின்னர் தோன்றியதன்று. 1920ஆம் ஆண்டு நாகபுரியில் கூடிய காங்கிரஸ், உறுப்பினர் கட்டணத்தை நாலணாவாக வகுத்து எளியோருக்கும் தன் கதவைத் திறந்துவிட்டது. ஆயினும் அதற்கடுத்த ஆண்டு ஒரு கோடி ரூபாய் இலக்குடன் திரட்டப்பட்ட திலகர் சுயராஜ்ய நிதிக்குப் பெருந்தொகை வழங்கியோர் பம்பாய் வணிகர்களே. பஜாஜ் தொழில் குடும்பத்தின் முன்னோடியான ஜம்னாலால் பஜாஜ் கட்சியின் பொருளாளராகப் பல்லாண்டு விளங்கினார். தொழிலதிபர் கன்ஷியாம்தாஸ் பிர்லா காந்தியின் பணிகளுக்குத் தொடர்ந்து பொருளுதவி செய்தார். ஆனால் அந்நாளில் அந்தக் கட்சியின் கையில் தொழில்களுக்கு வழங்க உரிமமும் இல்லை, ஒதுக்கீடும் இல்லை. ஆகவே கொடுத்தவர்கள் கைம்மாறு எதையேனும் எதிர்பார்த்திருந்தாலும், அது என்றோ வரக்கூடிய பலனாகவே இருந்திருக்க முடியும்.

1951ஆம் ஆண்டின் தொழில்கள் (வளர்ச்சி, ஒழுங்குமுறை) சட்டம் இந்த உறவின் தன்மையை அடியோடு மாற்றியது. அட்டவணையிட்ட தொழில்களில் புதிய ஆலை தொடங்கவும் இருக்கும் ஆலையை விரிவாக்கவும் மத்திய அரசின் உரிமம் வேண்டும் என்றானபின், முன்பு இயக்கத்துக்கு நன்கொடை தந்தவரும் இப்போது அரசிடம் விண்ணப்பம் கொடுத்துக் காத்திருப்பவரும் ஒருவரே ஆயினர்.

இந்த உறவு நீதிமன்றத்துக்கும் வந்தது. ஒரு கம்பெனி எந்தெந்தக் காரியங்களுக்காக நிறுவப்படுகிறது என்று பதிவின்போதே எழுதிக்கொடுக்கும் நோக்க ஆவணத்தில் இடமிருந்தால் ஒழிய, அது தன் பணத்தை எதற்கும் செலவிட இயலாது. டாட்டா இரும்பு எஃகுக் கம்பெனி, அரசியல் கட்சிகளுக்கு நன்கொடை வழங்கும் அதிகாரத்தை அந்த ஆவணத்தில் சேர்த்துக்கொள்ள முற்பட்டபோது, பங்குதாரர் ஒருவரின் எதிர்ப்பால் வழக்கு 1957இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி எம். சி. சக்லாவிடம் வந்தது. ஆளுங்கட்சியின் தொழிற்கொள்கை நீடிப்பதில்தான் தன் வணிகத்தின் நலம் அடங்கியிருக்கிறது என்பது கம்பெனியின் வாதம். நன்கொடை எதற்காகத் தரப்படுகிறது என்பதை இதைவிட வெளிப்படையாக ஒரு நீதிமன்றத்தில் எவரும் ஒப்புக்கொண்டிருக்க முடியாது. வியப்பு என்னவெனில், சட்டத்தின் கண்ணுக்கு அதுவே போதிய காரணமாகவும் இருந்தது. திருத்தத்தைத் தடுக்கச் சட்டத்தில் வழியில்லை என்று தீர்ப்பளித்த சக்லா, இவ்வழக்கம் இளம் ஜனநாயகத்தின் குரல்வளையையே நெரித்துவிடக்கூடும் என எச்சரித்து, இதைக் கவனிக்க வேண்டிய பொறுப்பு நாடாளுமன்றத்துடையது என்று சுட்டினார்.

1960ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டத் திருத்தம் வழக்கத்தை ஒழிக்கவில்லை; அளவிட்டது. 25,000 ரூபாய், அல்லது முந்தைய மூன்றாண்டு நிகர லாபத்தின் சராசரியில் 5 விழுக்காடு, இவற்றில் எது மிகுதியோ அதுவரை கொடுக்கலாம். கொடுத்ததை லாப நட்டக் கணக்கில் காட்ட வேண்டும். இதற்குள் அரசியல் களத்தில் வேறொரு மாற்றம் நேர்ந்திருந்தது. 1959இல் ராஜாஜி சென்னையில் அறிவித்த சுதந்திராக் கட்சி, பெர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்யம் என்று அவர் சாடிய ஆட்சிமுறைக்கு மாற்றாகத் தன்னை முன்னிறுத்தியதால், தொழிலதிபர்களுக்கு முதன்முறையாக வேறொரு கட்சியை ஆதரிக்கும் வாய்ப்புக் கிடைத்தது. வலுவான எதிர்க்கட்சி நாட்டுக்குத் தேவை என்று கருதிய டாட்டா குழுமத் தலைவர் ஜே. ஆர். டி. டாட்டா, காங்கிரசுக்குக் கொடுப்பதோடு சுதந்திராக் கட்சிக்கும் கொடுக்கவிருப்பதை 1961இல் நேருவுக்கே எழுதித் தெரிவித்தார். பிர்லா காங்கிரசையே சார்ந்து நின்றார்.

தமிழகத்தைச் சேர்ந்த க. சந்தானம் தலைமையிலான ஊழல் தடுப்புக் குழு, 1964இல், கம்பெனி நன்கொடைகளை முற்றாகத் தடைசெய்து, கட்சிகள் மக்களிடம் சிறு தொகைகளாக நிதி திரட்ட வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அப்போது எவரும் அவசரப்படவில்லை. 1967 தேர்தலில் காங்கிரஸ் பல மாநிலங்களில் ஆட்சியை இழந்து, சுதந்திராக் கட்சி மக்களவையில் 44 இடங்களுடன் மிகப்பெரிய எதிர்க்கட்சியான பின்னரே, 1969இல், இந்திரா காந்தியின் அரசு தடையைச் சட்டமாக்கியது. ஊழலை ஒழித்தல் என்னும் காரணம் பொய்யன்று. இடதுசாரிகளும், இளந்துருக்கியர் எனப்பட்ட காங்கிரசின் முற்போக்கு அணியினரும் அதை மனமார நம்பினர். ஆயினும், பணம் ஒரே வாசலுக்குச் சென்றவரை பொறுத்துக்கொள்ளப்பட்ட வழக்கம் அது பிரிந்து செல்லத் தொடங்கியதும் குற்றமாயிற்று என்ற காலவரிசையை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட முடியாது. மேலும், நன்கொடைக்குத் தடை விதித்த அரசு, கட்சிகளின் செலவுக்கு வேறு வழி எதையும் காட்டவில்லை. உரிம முறையையும் தளர்த்தவில்லை. எனவே காசோலையும் கணக்கும் மறைந்து, அவற்றின் இடத்தில் கறுப்புப் பணம் நிறைந்த பெட்டி வந்தது. பெட்டியை யாரிடம் சேர்க்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. உரிமம் வழங்கும் கை ஒன்றே. வேட்பாளருக்காகக் கட்சி செய்யும் செலவும் அவரது செலவு வரம்புக்குள் அடங்கும் என்று 1974இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அந்தத் தடையையும் நீக்கிக்கொண்டது.

1985இல் ராஜீவ் காந்தியின் அரசு 5 விழுக்காட்டு வரம்புடன் கம்பெனி நன்கொடையை மீண்டும் அனுமதித்தும், பதினாறு ஆண்டுகளில் வேரூன்றிய பழக்கம் மாறவில்லை. ஒரு கட்சிக்குக் கொடுத்தது கணக்கில் தெரிந்தால் மறுகட்சி ஆட்சிக்கு வரும்போது என்ன ஆகும் என்ற அச்சம் அதற்கு முதன்மைக் காரணம். 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் வரம்பை 7.5 விழுக்காடாக உயர்த்தியது. அந்த அச்சத்தையே நியாயமாகக் காட்டி 2017இல் அறிவிக்கப்பட்ட, வங்கியில் வாங்கிக் கட்சிக்கு நன்கொடையாக அளிக்கக்கூடிய தேர்தல் பத்திரங்கள், கொடுத்தவர் பெயரை மக்களிடமிருந்து மறைத்தனவே தவிர, பத்திரங்களை விற்ற பாரத ஸ்டேட் வங்கியிடமிருந்து மறைக்கவில்லை; அவற்றோடு விழுக்காட்டு வரம்பும் நீக்கப்பட்டது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டையும் செல்லாதவை எனத் தீர்த்ததால், நன்கொடையை மூன்றாண்டு லாபத்தின் சராசரியோடு பிணைக்கும் ஏற்பாடு மீண்டும் நடைமுறைக்கு வந்தது.