கொச்சி கார்னிவல்

ஃபோர்ட் கொச்சியில் டிசம்பர் பிற்பாதியில் தொடங்கி, ஜனவரி 1 ஊர்வலத்தோடு முடியும் மக்கள் விழா. கோவா கார்னிவல் பிப்ரவரி வாக்கில், கிறிஸ்தவரின் தவக்காலத்துக்குச் சற்று முன்னால் நடப்பது. கொச்சி விழாவுக்கோ தவக்காலத்தோடு தொடர்பில்லை; இது புத்தாண்டு விழா.

போர்த்துக்கீசியர் 1503இல் இங்கே கோட்டை கட்டினார்கள். 1663இல் டச்சுக்காரர்கள் அதைக் கைப்பற்றினார்கள். போர்த்துக்கீசியர் கொண்டாடிய புத்தாண்டின் தொடர்ச்சியாகவே ஊரார் இந்த விழாவைப் பார்க்கிறார்கள். ஆனால் இன்றைய வடிவத்துக்கு வயது சில பத்தாண்டுகள்தான். ஐ.நா. சபை 1985ஐ அனைத்துலக இளைஞர் ஆண்டாக அறிவித்திருந்தது. அதையொட்டி 1984 இறுதியில் உள்ளூர் இளைஞர்கள் சிலர் கடற்கரையில் ஒரு விழா எடுத்தார்கள். அதுவே வளர்ந்து கார்னிவல் ஆயிற்று. விழாவைச் சுமப்பவை ஊரின் இளைஞர் மன்றங்கள். கயிறு இழுப்பு, சைக்கிள் பந்தயம், நீச்சல், கோலப்போட்டி என ஒவ்வொன்றுக்கும் பொறுப்பெடுத்து உழைக்கும் இவர்களே கார்னிவல் மரபின் உண்மையான வல்லுநர்கள்.

விழாவின் நாயகன் பாப்பாஞ்ஞி. கோட்டும் தொப்பியும் தாடியுமாக நிற்கும் இந்தக் கிழவன், கழியும் ஆண்டின் உருவம். முன்பெல்லாம் வைக்கோலையும் பழந்துணியையும் திணித்துத் தெருத்தெருவாகச் சிறுவர்கள் செய்த பொம்மை, இப்போது பரேடு மைதானத்தில் பல அடி உயரத்துக்கு எழுகிறது. டிசம்பர் 31 நள்ளிரவில் தீ வைப்பார்கள். கோவாவிலும், மும்பையின் 'ஈஸ்ட் இந்தியன்' எனப்படும் கிறிஸ்தவரிடையேயும் இதே போல் 'கிழவனை' எரிக்கும் வழக்கம் உண்டு.

மறுநாள் ஊர்வலத்தில் யானையும் பஞ்சவாத்தியமும் வேடக்காரர்களும் சேர்ந்து வருவார்கள். சாதி, மதம் பார்க்காத கூட்டம் அது. பக்கத்திலுள்ள மட்டாஞ்சேரியில் யூத, குஜராத்தி, கொங்கணித் தெருக்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. விழாவின் இன்னொரு களமான 'வெளி' மைதானத்தை அடுத்து தோபி கானா என்னும் சலவைக்கூடம் இருக்கிறது. டச்சுப் படையின் சீருடைகளைத் துவைக்கத் தமிழகத்திலிருந்து வரவழைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் வண்ணார் சமூகத்தாரின் வழிவந்தோர் இன்றும் அங்கே தொழில் செய்கிறார்கள். இத்தனை பேர் சேர்ந்து வாழும் ஊர் என்பதால்தான் கார்னிவல் யாருக்கும் அந்நியமாகவில்லை.

இடைஞ்சல்களும் வந்தன. 2022இல் பொம்மையின் முகம் பிரதமர் மோடியின் சாயலில் இருப்பதாக பா.ஜ.க.வினர் எதிர்க்க, முகம் மாற்றப்பட்டது. 2024இல் வெளி மைதானத்துப் பாப்பாஞ்ஞியை அகற்றும்படி காவல்துறை சொன்னது; கேரள உயர் நீதிமன்றம் அதை எரிக்க அனுமதித்தது. அதே ஆண்டு, முன்னாள் பிரதமர் மன்மோகன் சிங் மறைவுக்கான துக்கத்தால் பரேடு மைதானத்தில் எரிப்பு கைவிடப்பட்டது.