கடைசி வீட்டுக்குச் சென்ற அம்மைப்பால்



வாயிலில் வேப்பிலை செருகியிருந்த வீட்டைக் கண்டால் ஊரார் ஒதுங்கிச் சென்ற காலம் ஒன்று இருந்தது. அதனை நேரிற் கண்டோர் இன்று நம்மிடையே மிகச் சிலரே. வைசூரி என்றும் பெரியம்மை என்றும் நம் முன்னோர் அஞ்சிய அந்நோய், தன்னால் பீடிக்கப்பட்டோருள் ஏறக்குறையப் பத்துப் பேருக்கு மூவரைக் கொன்றது. பிழைத்தவர் முகத்திலே தழும்பை விட்டுச் சென்றது. சிலருடைய கண்ணொளியையும் பறித்தது. இன்று அது உலகில் எங்கும் இல்லை. மனிதருக்கு வரும் நோய்களுள், மனித முயற்சியால் முற்றாக ஒழிக்கப்பட்டது இது ஒன்றே.

இந்நோய்க்குத் தடுப்பு கண்டறியப்பட்டது 1796 ஆம் ஆண்டிலாகும். இங்கிலாந்திலே பார்க்கிளி என்னும் ஊரில் வைத்தியராக இருந்த எட்வேட் ஜென்னர், மே மாதம் 14 ஆம் நாள், பால் கறக்கும் பெண்ணொருத்தியின் கையில் தோன்றிய மாட்டம்மைக் கொப்புளத்து நீரை எட்டு வயதுச் சிறுவன் ஒருவனுடைய கையிற் செலுத்தினார். சிறுவனைப் பெரியம்மை அணுகவில்லை. இம்முறையினால் அந்நோய் ஒருநாள் அடியோடு அழிந்துபோகும் என்று 1801 இலேயே ஜென்னர் எழுதினார். அவர் சொல் பலித்தது 1977 இல். இடையிற் கழிந்தவை 176 ஆண்டுகள். மருந்து கையிலிருந்தும் இத்துணைக் காலம் சென்றது ஏன்? இவ்வினாவுக்குரிய விடையையே இன்று ஆராய விழைகின்றோம்.

முதலாவது தடை வெப்பம். அம்மைப்பால் சில நாட்களில் வலுவிழந்துவிடும். வெப்ப நாடுகளில் இன்னும் விரைவிற் கெடும். ஆகவே ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றி மாற்றியே அதனை உயிரோடு கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. 1803 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 30 ஆம் நாள், ஸ்பானிய அரசனின் ஆணைப்படி, பல்மிஸ் என்னும் வைத்தியர் லா கொருஞாத் துறைமுகத்திலிருந்து அமெரிக்கக் குடியேற்றங்களை நோக்கிக் கப்பலேறினார். அவருடன் சென்றோர் 22 சிறுவர். அவர்களுட் பெரும்பாலோர் ஆதரவற்ற பிள்ளைகள். ஒருவரிடம் அம்மைப்பால் பற்றாவிடினும் மற்றவரிடம் பற்றுமென்று, இருவர் இருவராக அவர்களுக்குக் குத்தி, கடல் கடக்கும்வரை அதனைக் காத்தனர். பிள்ளைகளைப் பேணியவர் இசபெல் என்னும் அநாதை இல்லத் தலைவி. அச்சிறுவர் தாய்நாடு திரும்பவில்லை, மெக்சிக்கோவிலே தங்கிவிட்டனர்.

நம் பக்கத்துக்கும் அம்மைப்பால் இவ்வாறே வந்தது. வியன்னாவிலிருந்து கொன்ஸ்தாந்திநோபிள், பக்தாத், பஸ்ரா வழியாகப் பம்பாயை அடைந்து, 1802 ஆம் ஆண்டு யூன் மாதம் 14 ஆம் நாள் அங்கே மூன்று வயதுக் குழந்தை ஒன்றின் கையிற் பற்றியது. அதே ஆண்டிலே இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. ஏழைக் குழந்தைகளின் கைகளே கண்டங்களுக்கிடையே மருந்தைச் சுமந்தன என்பதை நாம் மறத்தலாகாது. ஆனால் அம்மருந்து முழுமையாகச் சென்றடைந்ததில் இறுதியாக நின்றோரும் ஏழைகளே.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் இந்நோயிலிருந்து விடுபட்டன. இதனை உலகெங்கும் ஒழிப்பதென்று உலக சுகாதார ஸ்தாபனம் 1959 இல் முடிவு செய்தது. எனினும் 1967 ஆம் ஆண்டிலும் 31 நாடுகளில் நோய் நிலைகொண்டிருந்தது. அவ்வாண்டில் ஒரு கோடி முதல் ஒன்றரைக் கோடி மக்கள் வரை அதனாற் பீடிக்கப்பட்டனர் என்பது மதிப்பீடு.

வெப்பம் என்ற தடையை அறிவியல் நீக்கியது. இலண்டனில் லெஸ்லி கோலியர் 1950 களில் அம்மைப்பாலை உறையவைத்து உலர்த்தும் முறையைச் செம்மைப்படுத்தினார். உலர்ந்த மருந்து, வெப்ப நாட்டு வெயிலிலும் ஒரு மாதத்துக்கு மேல் வலுவோடிருந்தது. பின்னர், நுனி இரண்டாகப் பிளந்த சிறிய ஊசியைப் பெஞ்சமின் ரூபின் அமைத்தார். மருந்தில் நான்கிலொரு பங்கே போதுமாயிற்று. எழுத்தறியாதவரும் சிறிது நேரத்திற் பழகிக்கொள்ளத்தக்க கருவி அது. இனி, மருந்து எந்தக் குக்கிராமத்துக்கும் நடந்து செல்லலாம்.

ஆயினும் இரண்டாவது தடை எஞ்சியிருந்தது. இந்தியாவில் ஒழிப்புத் திட்டம் 1962 இல் தொடங்கியது. கோடிக்கணக்கானோருக்கு அம்மை குத்தியதாகக் கணக்கேடுகள் கூறின. ஆனால் நோய் குறையவில்லை. பள்ளிக்கூடத்தில் வரிசையாக நிற்கும் பிள்ளைகளுக்கே மீண்டும் மீண்டும் குத்தப்பட்டது. விடியுமுன் வயலுக்குச் சென்ற கூலியாளும், ஊர் ஊராய்த் திரிந்த நாடோடியும், நகரத்துச் சேரியில் ஒண்டியிருந்தோரும் விடுபட்டுப் போயினர். எண்ணிக்கை பெரிதாயிருந்தது, ஆனால் எண்ணப்படாதோரிடமே நோய் குடிகொண்டிருந்தது.

இதற்கு வழிகாட்டிய நிகழ்ச்சி ஒன்று ஆபிரிக்காவிலே நிகழ்ந்தது. வானொலி நேயர்களாகிய நமக்கு அது சிறப்பாக உவப்பளிக்கும். 1966 டிசம்பரில் கிழக்கு நைஜீரியாவிலே நோய் தோன்றியபோது, வில்லியம் ஃபேகி என்னும் இளம் வைத்தியரிடம் எல்லோருக்கும் போதிய மருந்து இருக்கவில்லை. அப்பகுதியிலிருந்த பாதிரிமார் மாலைதோறும் வானொலிக் கருவியிற் பேசிக்கொள்வது வழக்கம். அவர்களிடம் நிலப்படத்தைப் பகிர்ந்துகொடுத்து, ஊர்தோறும் ஆளனுப்பி நோய் எங்கேயுள்ளதென விசாரிக்குமாறு அவர் வேண்டினார். நோய் கண்ட ஊர்களையும், அது பரவத்தக்க ஊர்களையும் சுற்றி வளைத்துக் குத்தினார். மக்களுட் சிறுபகுதியினருக்கே குத்தியும் சில மாதங்களில் அங்கே நோய் அவிந்தது.

இம்முறையே இந்தியாவிலும் கைக்கொள்ளப்பட்டது. 1973 ஒக்டோபரில் ஊழியர்கள், நோயாளியின் படத்தைக் கையிலேந்தி, வீடு வீடாகவும் சந்தை சந்தையாகவும் தேடத் தொடங்கினர். உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் முதற் தேடுதலிலேயே ஏறத்தாழ 10,000 நோயாளர் வெளிப்பட்டனர். அதுவரை கணக்கேடு அவர்களை அறியாது. அம்மையை அம்மன் அருளெனக் கொண்டு நோயாளியை உள்ளே வைத்து வழிபட்ட வீடுகளில், அதட்டிப் பயனில்லை. அந்த ஊர்ப் பெரியவரே முன்னின்று பேசும்போது கதவு திறந்தது. 1975 இல் இந்தியா விடுதலை பெற்றது. அவ்வாண்டு ஒக்டோபரில், வங்காளதேசத்துப் போலாத் தீவிலே ரகிமா பானு என்னும் சிறு குழந்தையோடு ஆசியாவில் நோய் முடிவெய்தியது. அக்குழந்தையின் செய்தியை அறிவித்துப் பரிசு பெற்றவள் ஓர் எட்டு வயதுச் சிறுமி.

நோய் இறுதியாக எஞ்சிய நாடு சோமாலியா. இயற்கையாகத் தொற்றி இறுதியாக நோயுற்றவர் எவரோ பாலைவனத்து நாடோடியாக இருப்பார் என்றே நாம் எண்ணுவோம். அவ்வாறன்று. மெர்கா நகரத்து வைத்தியசாலையிற் சமையற்காரராயிருந்த 23 வயது இளைஞர் அலி மாவ் மாலின் என்பவரே அவர். நோயுற்ற நாடோடிப் பிள்ளைகளை ஏற்றிவந்த வாகனத்துக்கு வழிகாட்டச் சில நிமிடங்கள் உடன்சென்றார்; 1977 ஒக்டோபர் 26 இல் அவர் மேனியிற் கொப்புளம் எழுந்தது. வைத்தியசாலையிலே வேலைசெய்தும் அவர் அம்மை குத்திக்கொள்ளவில்லை. ஊசி நோகுமென அஞ்சினார். மருந்துக்கும் மனிதனுக்கும் உள்ள தூரத்தைக் கட்டையால் மட்டும் அளக்க முடியாதென்பதை இதனினும் தெளிவாக எது காட்டவல்லது? பிற்காலத்தில் அவர் போலியோ ஒழிப்பு ஊழியராகி, தம் அச்சத்தின் கதையைச் சொல்லியே தாய்மாரை இணங்கச் செய்தார். அப்பணியில் இருக்கையிலேயே 2013 இல் காலமானார்.

1980 மே 8 ஆம் நாள், பெரியம்மை ஒழிந்ததென உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

நேயர்களே, இப்பாடத்தை நம் நாடும் கற்றது. 1995 இல் இளம்பிள்ளைவாதத்துக்கெதிரான தேசிய தடுப்பு மருந்து நாட்கள் தொடங்கியபோது, வடக்கிலும் கிழக்கிலும் போர் நடந்துகொண்டிருந்தது. அந்நாட்களில் அங்குள்ள குழந்தைகளுக்கும் சொட்டு மருந்து கிடைக்கும்பொருட்டுத் துப்பாக்கிகளை ஓயவைக்க இரு தரப்பாரும் இணங்கினர். நம் நாட்டிற் கடைசி இளம்பிள்ளைவாத நோயாளி காணப்பட்டது 1993 இல்; அதன்பின் அந்நோய் இங்கே திரும்பவில்லை.

உலகிலோ, 2023 ஆம் ஆண்டில் ஒரு கோடியே நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் ஒரு தடுப்பூசியையேனும் பெறவில்லையென உலக சுகாதார ஸ்தாபனமும் யுனிசெப்பும் கணக்கிட்டன. அவர்களுக்கான மருந்து உலகில் இல்லாமற் போகவில்லை. அதனைக் கொண்டுசென்று, திண்ணையில் அமர்ந்து, தாயின் அச்சத்தைக் கேட்டு, பின்னரே பெட்டியைத் திறக்கும் மனிதர் இன்னும் வேண்டும். பெரியம்மையை வென்ற வரலாறு, அத்தகையோர் கடைசி வீட்டுவரை நடந்த வரலாறேயாகும்.