விடுமுறைக்கு வந்தவர்கள் கற்ற கோல்ஃப்

கோல்ஃப் கற்றுக்கொடுப்பது ஒரு தொழிலாக உருவானது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரை ஊர்களில். ஆட்டம் அதைவிட மிகப் பழையது. 1457இல் இரண்டாம் ஜேம்ஸ் அரசரின் நாடாளுமன்றம், மக்கள் வில்வித்தையை மறந்துவிடக் கூடாது என்று கோல்ஃபைத் தடை செய்தது. 1744இல் எடின்பரோவை அடுத்த லீத்தில் 13 விதிகள் எழுதப்பட்டன. 1764இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் களத்தில் ஒரு சுற்றுக்கு 22 குழிகள் என்பது 18ஆகக் குறைந்தது. பின்னாளில் உலகம் முழுவதும் அந்த எண்ணே நிலைத்தது.

இத்தனை காலமும் ஆட்டத்தைச் சொல்லித்தர ஆசிரியர் யாரும் தேவைப்படவில்லை. கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவே கிடக்கும் மணற்பாங்கான புல்வெளியை அங்கே லிங்க்ஸ் என்பார்கள். ஊர்ப் பிள்ளைகள் அந்தப் புல்வெளியில் உடைந்த மட்டையும் பழைய பந்துமாகத் திரிந்து, பெரியவர்கள் ஆடுவதைப் பார்த்துப் பார்த்தே பழகிக்கொண்டார்கள். வளர்ந்த பிறகு வெளியூரிலிருந்து சில வாரங்கள் தங்க வந்தவர்களுக்கு அந்த வழி இல்லை. மட்டையை எப்படிப் பிடிப்பது, எங்கே நிற்பது என்று அவர்களுக்கு யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. கோல்ஃபின் அடிப்படைகள் சொற்களாகவும் பாடங்களாகவும் புத்தகங்களாகவும் வடிவெடுத்தது இந்த விடுமுறைப் பயணிகளுக்காகத்தான்.

பந்தும் ரயிலும்

கற்றுக்குட்டிக்கு முதல் தடையாக இருந்தது பந்து. 1840கள் வரை ஆடியது இறகுப் பந்து. ஈரத் தோல் துண்டுகளைச் சேர்த்துத் தைத்து, விட்டுவைத்த சிறு துளை வழியே வேகவைத்த வாத்து இறகுகளைக் கம்பியால் குத்தித் திணிப்பார்கள். ஒரு பந்துக்கு உயரமான தொப்பி ஒன்று நிறைய இறகு பிடிக்கும். காயக் காயத் தோல் சுருங்கும், உள்ளே இறகு விரியும். பந்து கெட்டியாக இறுகிவிடும். கைதேர்ந்தவர்கூட ஒரு நாளில் மூன்று நான்கு பந்துகள்தான் செய்ய முடிந்தது. அதனால் விலை அதிகம். மழையில் நனைந்தால் தையல் இளகும். இரும்பு மட்டையின் விளிம்பு பட்டால் தோல் கிழிந்துவிடும். விளிம்பில் அடிப்பது புதிதாகக் கற்பவரின் இயல்பு என்பதால், பழகும் காலத்திலேயே கை நிறையப் பணம் கரைந்துவிடும்.

1848 வாக்கில் வந்த கட்டாபெர்ச்சா பந்து இந்த நிலையை மாற்றியது. மலாய் நாட்டு மரங்களின் பாலிலிருந்து கிடைக்கும் அந்தப் பிசின், வெந்நீரில் இட்டால் இளகி, ஆறினால் இறுகும். கையால் உருட்டியே பந்து செய்யலாம். அடிபட்டு வெடித்தால் மறுபடி உருக்கி உருட்டிக்கொள்ளலாம். இறகுப் பந்து செய்வதைக் குலத்தொழிலாகக் கொண்டிருந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் வல்லுநர் ஆலன் ராபர்ட்சன் புதுப் பந்தை எதிர்த்தார். அவரிடம் வேலை பார்த்த டாம் மாரிஸ் அதை ஏற்றுக்கொண்டதால் இருவருக்கும் மனத்தாங்கல் உண்டாயிற்று. மாரிஸ் 1851இல் மேற்குக் கரையிலுள்ள பிரெஸ்ட்விக்குக்குப் போய், 1860களின் நடுவில் செயின்ட் ஆண்ட்ரூஸுக்கே களப் பராமரிப்பாளராகத் திரும்பினார்.

இரண்டாவது தடை தூரம். கிழக்குக் கரை ஊர்களான நார்த் பெரிக்குக்கு 1850இலும் செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு 1852இலும் ரயில் பாதை வந்தது. எடின்பரோவிலும் கிளாஸ்கோவிலும் இருந்த வழக்கறிஞர்களும் வணிகர்களும் கோடையில் குடும்பத்தோடு வந்து வீடு எடுத்துத் தங்கத் தொடங்கினார்கள். கடற்குளியல் முடிந்தபின் மிச்சமிருந்த நீண்ட பகலுக்கு, வீட்டு வாசலிலேயே கோல்ஃப் காத்திருந்தது.

கேடி ஆசிரியரான கதை

இப்படி வந்தவர்களுக்கு முதலில் பாடம் சொன்னவர்கள் மட்டை சுமக்கும் கேடிகள். அன்று பை கிடையாது; ஏழெட்டு மட்டைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேடி கூடவே நடப்பார். எந்த அடிக்கு எந்த மட்டை, காற்று எந்தப் பக்கம், குழியைச் சுற்றியுள்ள கிரீன் என்ற புல்தரையின் சரிவு எப்படி என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வருவார். அவர்களில் கைத்திறன் உள்ளவர்கள் மட்டைப் பட்டறை வைத்தார்கள். நன்றாக ஆடுபவர்கள் பந்தயத்தில் பணம் பார்த்தார்கள். பட்டறை, பந்தயம், பாடம் மூன்றையும் ஒருவரே கவனித்தபோது தொழில்முறை ஆட்டக்காரர் என்ற புதிய ஆள் உருவானார். ஊருக்கு வரும் கனவான்கள்தான் அவருடைய வாடிக்கையாளர்கள். சமூகத்தில் தம்மைவிட மேலே இருந்தவர்களின் கையையும் காலையும் திருத்தி நிறுத்தும் உரிமையை, பாடம் நடக்கும் நேரத்துக்காவது, அந்த உழைப்பாளிகள் பெற்றார்கள்.

பாடம் அச்சுக்கும் வந்தது. ஹென்றி பிரௌம் ஃபார்னி 1857இல் புனைபெயரில் வெளியிட்ட ‘தி கோல்ஃபர்ஸ் மேனுவல்’ இந்த ஆட்டத்தைக் கற்பிக்கும் முதல் புத்தகமாகக் கருதப்படுகிறது. சர் வால்டர் சிம்ப்சன் 1887இல் எழுதிய ‘தி ஆர்ட் ஆஃப் கோல்ஃப்’ மட்டை வீச்சின் கட்டங்களைப் புகைப்படங்களில் காட்டியது. ஊருக்குத் திரும்பிய பயணி, அடுத்த கோடைவரை பாடத்தை மறக்காமலிருக்க இத்தகைய நூல்களே துணை.

பெண்களும் பிள்ளைகளும்

விடுமுறை என்பது குடும்பம் முழுவதுக்கும் உரியது. பெண்கள் தோளுக்கு மேல் மட்டையை ஓங்குவது நாகரிகமில்லை என்று கருதிய காலத்தில், 1867இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் பெண்களுக்கான சங்கம் ஒன்று தொடங்கியது. அவர்களுக்குக் கிடைத்தது புட்டிங் திடல் மட்டுமே. அதாவது பந்தைத் தரையோடு உருட்டிக் குழியில் விழவைக்கும் இடம். மேடும் பள்ளமுமாக இருந்ததால் அந்தத் திடலுக்கு ‘ஹிமாலயாஸ்’ என்றே பெயர் வந்தது. இன்றும் அங்கே பயணிகள் சிறு கட்டணம் செலுத்தி ஆடலாம். பெண்கள் அந்த எல்லைக்குள் நெடுநாள் நிற்கவில்லை. 1893இல் பெண்கள் கோல்ஃப் ஒன்றியம் அமைந்தது. அவ்வாண்டு தொடங்கிய சாம்பியன்ஷிப்பை முதல் மூன்று முறையும் வென்ற லேடி மார்கரெட் ஸ்காட், மட்டையைத் தோளுக்குப் பின்வரை முழுதாக வீசி ஆடியவர்.

நார்த் பெரிக்கில் 1888இல் பிள்ளைகளுக்கென்றே ஒன்பது குழிக் களம் அமைந்தது. அது இன்றும் பிள்ளைகளுடையதுதான். பெரியவர் ஆட வேண்டுமானால் கூட ஒரு பிள்ளை இருக்க வேண்டும். பின்னாளில் பிரதமரான ஆர்தர் பால்ஃபர் ஆண்டுதோறும் இந்த ஊரில் விடுமுறையைக் கழித்தார். வளர்ந்த பிறகு கோல்ஃப் பழகிய அவர் இந்த ஆட்டத்தின் மீது கொண்ட பற்றைப் பத்திரிகைகள் விடாமல் எழுத, இங்கிலாந்து முழுவதும் புதிதாகக் கற்பவர்கள் பெருகினார்கள். நார்த் பெரிக்குக்கு வந்தவர்களுக்கு மட்டை விற்றுப் பாடமும் சொன்ன பென் சேயர்ஸின் பெயர் அந்த ஊரோடு சேர்ந்தே நிலைத்துவிட்டது.

ஒரு பிடியின் பயணம்

இன்று எந்த ஊரில் கோல்ஃப் கற்கத் தொடங்கினாலும் முதல் பாடம் பிடிதான். வலக்கைக்காரர் இடக்கையை மட்டையின் மேல்நுனியிலும் வலக்கையை அதற்குக் கீழேயும் வைத்துப் பிடிக்கிறார். வலக்கைச் சுண்டுவிரல் மட்டையைத் தொடாமல், இடக்கையின் ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையிலுள்ள பள்ளத்தின்மேல் படிந்திருக்கும். இரு கைகளும் தனித்தனியே இழுபறி செய்யாமல் ஒரே கையாக இயங்க அந்த ஒரு விரல் போதும். இதற்கு ‘வார்டன் பிடி’ என்று பெயர். ஆனால் ஹாரி வார்டனுக்கு முன்பே இப்படிப் பிடித்து ஆடியவர் நார்த் பெரிக்கின் ஜானி லெய்ட்லே. 1889இலும் 1891இலும் அமெச்சூர் சாம்பியன் ஆனவர்.

வார்டனும் வெளியூர்க்காரர்களின் வருகையால் உருவான ஆட்டக்காரரே. அவர் பிறந்த ஜெர்சி தீவின் குரூவில் கிராமத்துப் பொது நிலத்தில் 1870களின் பிற்பகுதியில் வெளியிலிருந்து வந்தவர்கள் களம் அமைத்தார்கள். ஊர்ச் சிறுவர்கள் கேடிகளாக நின்று ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டார்கள். டெவன் கடற்கரையின் வெஸ்ட்வர்ட் ஹோ, விடுமுறை ஊராகவே திட்டமிடப்பட்ட இடம். அங்கே 1864இல் அமைந்த களத்தில் கேடியாக இருந்தவர் ஜே. எச். டெய்லர். 1894இல் பிரிட்டனின் ஓப்பன் சாம்பியன்ஷிப் பட்டத்தை வென்ற அவர், 1901இல் தொழில்முறை ஆட்டக்காரர்களின் சங்கம் அமைவதில் முன்னின்றார். கற்பிப்பவர்களின் உரிமையும் தகுதியும் அன்றுமுதல் ஒரு அமைப்பின் பொறுப்பாயின. வார்டன் ஆறு முறை ஓப்பன் பட்டம் வென்றார். 1905இல் அவர் எழுதிய ‘தி கம்ப்ளீட் கோல்ஃபர்’ அந்தப் பிடியை உலகம் முழுவதும் பரப்பியது.

ஆட்டம் பயணித்த இடங்கள்

ஐரோப்பாக் கண்டத்தின் முதல் கோல்ஃப் சங்கம் 1856இல் பிரான்சின் போ நகரில் தோன்றியது. குளிர்காலத்தை அங்கே கழிக்க வந்த பிரிட்டிஷார்தான் அதை அமைத்தார்கள். கல்கத்தாவில் 1829லேயே சங்கம் இருந்தது. கீழைநாட்டுக் கோடைக்குத் தப்பி மலையேறிய அதிகாரிகளும் தோட்டத்துரைமார்களும் 1889இல் நுவரெலியாவிலும் 1895இல் கொடைக்கானலிலும் ஆட்டத்தை நிறுவினார்கள். மட்டை சுமந்த உள்ளூர்த் தமிழர்களுக்கு நெடுங்காலம் உறுப்பினராகும் வாய்ப்பு இல்லை.

பிரிட்டனில் ரயில் நிறுவனங்களே களம் அமைத்து விடுதி கட்டின. 1899இல் குரூடன் பேயிலும் 1906இல் டர்ன்பெரியிலும் 1924இல் கிளென்ஈகிள்ஸிலும் அத்தகைய விடுதிகள் திறந்தன. பயணச்சீட்டு, அறை, ஆட்டம், பாடம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தன.

அமெரிக்காவில் இதே எண்ணத்தை முழுமையாக்கியது வட கரோலினாவின் பைன்ஹர்ஸ்ட். சோடா இயந்திரங்கள் விற்றுச் செல்வம் சேர்த்த பாஸ்டன்காரர் ஜேம்ஸ் வாக்கர் டஃப்ட்ஸ், மரம் வெட்டி வெறுமையாய்க் கிடந்த நிலத்தை 1895இல் வாங்கி, உடல்நலம் தேடி வருவோருக்காக ஊர் ஒன்றை எழுப்பினார். விருந்தினர்கள் மாடு மேயும் வெளியில் பந்தடிக்கத் தொடங்கவே களம் அமைத்தார். 1900இல் அங்கே வேலைக்கு வந்த டொனால்ட் ராஸ், ஸ்காட்லாந்தின் டார்னாக்கில் பிறந்து, செயின்ட் ஆண்ட்ரூஸில் முதிய டாம் மாரிஸிடம் தொழில் பயின்றவர். 1910களில் பைன்ஹர்ஸ்டில் பயிற்சிக்கென்றே தனி மைதானம் ஏற்பட்டது. ‘மேனியாக் ஹில்’ என்று பெயர் பெற்ற அந்த இடத்தில், கற்பவர் களத்தில் மற்றவர்களுக்கு வழிமறிக்காமல் ஒரே அடியை மீண்டும் மீண்டும் அடித்துப் பார்க்க முடிந்தது. நடந்துகொண்டே கற்கும் பழைய முறை, நின்று பழகும் முறைக்கு மாறியது இத்தகைய மைதானங்களில்தான்.

கருவிகள் எளிதாயின

கருவிகளில் வந்த மாற்றங்களும் கற்பவருக்கே அதிகம் உதவின. 1898இல் அமெரிக்கரான கோபர்ன் ஹாஸ்கெல் உருவாக்கிய, ரப்பர் இழை சுற்றிய பந்து, சரியாகப் படாத அடியிலும் ஓரளவு தூரம் போனது. 1902இல் சாண்டி ஹெர்ட் அதைக் கொண்டு ஓப்பன் வென்றதும் கட்டாபெர்ச்சா வழக்கொழிந்தது. முதல் அடிக்குப் பந்தை உயர்த்தி வைக்க, அதுவரை பெட்டியிலிருந்து ஒரு சிட்டிகை ஈரமணலை எடுத்துச் சிறு கூம்பாகப் பிடிப்பது வழக்கம். பாஸ்டன் பல்மருத்துவர் ஜார்ஜ் கிராண்ட் 1899இல் பந்தைத் தாங்கும் சிறு மர முளையான டீக்குக் காப்புரிமை பெற்றார். 1920களில் மற்றொரு பல்மருத்துவரான வில்லியம் லோவெல் அதை வணிகமாக்கியபின் மணல் பெட்டிகள் மறைந்தன. 1929இல் பிரிட்டனில் மட்டைகளுக்கு எஃகுத் தண்டு அனுமதிக்கப்பட்டது. மாஷி, நிப்ளிக் என்று பெயர் சொல்லி நினைவில் வைத்த மட்டைகள் எண்ணிட்ட தொகுப்பாயின. எண் கூடக் கூடப் பந்து உயரமாக எழும், தூரம் குறையும் என்ற ஒரே விதியைக் கற்றால் போதும். 1930களின் இறுதியில் ஒருவர் 14 மட்டைகள்வரை வைத்துக்கொள்ளலாம் என்று வரம்பும் வந்தது.

விமானத்தில் வந்த மாணவர்கள்

இரண்டாம் உலகப்போருக்குப் பின் ரயில் செய்த வேலையை விமானம் ஏற்றது. வட ஐரோப்பியர் வெயில் தேடித் தெற்கே பறந்தார்கள். மூன்று முறை ஓப்பன் வென்ற ஹென்றி காட்டன், போர்ச்சுகலின் அல்கார்வே கடற்கரையில் நெல் விளைந்த சதுப்பு நிலத்தைத் திருத்தி, ஆயிரக்கணக்கான மரங்களை நட்டு, 1966இல் பெனினா களத்தைத் திறந்தார். தங்க வந்தவர்களுக்கு அவர் சொன்ன பாடத்தின் மையம் ஒரு பழைய கார் டயர். மாணவர் மட்டையால் அந்த டயரை மீண்டும் மீண்டும் அடிக்க வேண்டும். பந்து படும் கணத்தில் மணிக்கட்டும் விரல்களும் உறுதியாக நிற்க அது பழக்கியது. மட்டையைச் செலுத்துவது கைகளே என்பது அவர் கொள்கை.

இன்றைய விடுமுறைப் பாடம் இந்த நூற்றைம்பது ஆண்டுக்கும் மேலான அனுபவத்தின் சுருக்கம். மட்டையை வாடகைக்கு எடுக்கலாம். பிடி, நிற்கும் நிலை, தலையை அசைக்காமல் உடலைத் திருப்பி வீசுதல் ஆகியவை முதலில் வரும். கிரீனில் உருட்டும் அடி, கிரீனை ஒட்டிய குட்டையான அடி, முழு வீச்சு என மூன்று வகை அடிகள் அடுத்து வரும். அடி பெயர்த்த புல்லை மீண்டும் பதிப்பது, மணல் குழியைச் சமன்செய்வது, பின்னால் வருபவரைக் காக்கவைக்காமல் ஆடுவது ஆகிய ஒழுங்குகளும் பாடத்தில் அடக்கம்.

விதிகளும் புதியவரை நோக்கி வந்தன. 2019இல் விதிப் புத்தகம் எளிமைப்படுத்தப்பட்டது. பிரிட்டனில் நெடுங்காலம் ஆண்களுக்கு 28, பெண்களுக்கு 36 என்று இருந்த ஹேண்டிகேப் (ஆட்டக்காரரின் திறனுக்கேற்பத் தரும் கூடுதல் அடிகள்) உச்சவரம்பு, பின்னர் இருபாலருக்கும் 54 ஆனது; 2020இல் வந்த உலகப் பொது முறையிலும் அதுவே வரம்பு. அதாவது குழிக்கு மூன்று அடிகள் கூடுதலாக எடுப்பவரும் முறையான ஆட்டக்காரராகப் பதிவாகிறார். தேர்ந்தவரோடு சமமாகப் போட்டியிடவும் அவருக்கு வழி இருக்கிறது.