சோழி வைத்துப் போட்ட கிரகணக் கணக்கு



2025 செப்டம்பர் 7 சந்திர கிரகணத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் பேரனோடு நின்றிருந்தேன். "தாத்தா, போன்ல போட்ட நேரத்துக்கே பிடிச்சிடுச்சு!" என்றான். இதே கரையில் தெற்கே, புதுச்சேரியில், 200 வருடத்துக்கு முன்பு போன் இல்லாமல் கிரகணம் கணித்தவரைப் பற்றி அவனுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

அவர் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர். சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரனுக்கு, 1825 மே 31 இரவு வந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தாளும் பேனாவும் இல்லை. தரையில் சோழிகள், மனதில் வாய்ப்பாடு, அவ்வளவுதான். கிரகணத் தொடக்கத்தில் 4 நிமிடம் பிசகு, நடுவில் 23, முடிவில் 52.

எப்படி முடிந்தது? எல்லாம் முழு எண்கள். சந்திரன் தினமும் ஒரே வேகத்தில் போவதில்லை. அந்த வேக மாற்றம் 248 நாளில் ஏறக்குறைய 9 முறை சுற்றி முடியும். அதனால் நாளுக்கு ஒன்றாக 248 வாக்கியங்கள். வாக்கியத்தின் எழுத்துகளே எண்கள்: ராசி, பாகை, கலை. பின்னம் வந்தால் சிறிய அலகுக்கு இறங்கிவிடுவார்கள், நாம் ரூபாயைப் பைசாவாக்குவது போல. வரியை எடு, கூட்டு. வேலை முடிந்தது.

கம்ப்யூட்டருக்கும் இதே கதைதான். 1978இல் வந்த இன்டெல் 8086 சில்லுக்கு முழு எண் கணக்கு மட்டுமே தெரியும். தசமக் கணக்கை ஒரு புரோகிராம் பல படிகளாக உடைத்துப் போட்டுத் தரும், ஆமை வேகம். 1980இல் அதற்கென்றே 8087 என்ற துணைச் சில்லு வந்தது. அது இருந்த கம்ப்யூட்டரில் அதே கணக்கு பல மடங்கு வேகமாக ஓடியது. 1989இல் 486 வந்தபோது இரண்டும் ஒரே சில்லுக்குள் அடங்கின.

தசமம் ஏன் தாமதம்? 'ஃப்ளோட்டிங் பாயிண்ட்' முறையில் எண் தனி, புள்ளியின் இடம் தனி. கூட்டுமுன் புள்ளிகளை நேராக்க வேண்டும். கூட்டியபின் மறுபடி இடம் மாற்றி, கடைசி இலக்கத்தைத் திருத்த வேண்டும். ஆனாலும் அது இல்லாமல் முடியாது. நம் கல்பாக்கத்து அணு உலைக் கணக்கில் மிகப் பெரிய எண்ணும் மிகச் சிறிய எண்ணும் சேர்ந்தே வரும்.

அந்த 52 நிமிடப் பிசகு முழு எண்ணின் குற்றமா? இல்லை. வாய்ப்பாட்டின் அடிப்படை அளவுகள் பழையவை; திருத்தப்படவில்லை. இன்றும் சனிப் பெயர்ச்சி வாக்கியப்படி ஒரு நாள், திருக்கணிதப்படி வேறு நாள் என்று வருவது இதனால்தான்.

வகுப்பில் "மனப்பாடம் கணக்காகாது" என்று உங்களில் சிலரைக் கடிந்திருக்கிறேன். அது பாதிதான் சரி. வாய்ப்பாடு வேகம் தரும். அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவர்தான், பிசகும்போது திருத்த முடியும். இரண்டையும் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.